குரல்வளைப் பூச்சி

செவலைக் கோழி கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது, சத்தம்தான் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லயத்து வீட்டுக் கொல்லையில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கரிப்புகையும் கோழி எச்சமும் கலந்து நாற, அது திரும்பத் திரும்பக் காற்றை விழுங்கப் பார்த்ததை அரிசி களைந்தபடியே பவுனம்மாள் வேடிக்கை பார்த்தாள். கோழிக்குக்கூட கொட்டாவியா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் புருஷன் கன்னையா சிரிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவரிடம் வைத்தியம் கேட்டு வந்தான். சேவல் இறகை நுனியில் மட்டும் கொஞ்சம் விட்டு மழித்து, மண்ணெண்ணெயில் தோய்த்து, கோழியின் குரல்வளைக்குள் விட்டு ஒரு திருகு திருகி இழுத்தான். இறகோடு சிவப்பாய் ஒரு புழு வந்து நெளிந்தது. செவலை தும்மிவிட்டுத் தீனி பொறுக்கப் போனது.

கன்னையா புழுவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நம்ம புள்ளைக்கும் இதான் இருந்திருக்கு பவுனு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

போன வருஷம் இருமி இருமியே செத்துப்போன குழந்தையைச் சொன்னான். “அது சளிங்க,” என்றாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நன்றாக இருந்த கோழிகளையும் அவன் விடவில்லை. புழு வரும்வரை திருகினான். வராததை அரிவாள்மணையில் கழுத்தோடு பிளந்து தேடினான். கொல்லை முழுக்க இறகும் ரத்தமும் மழைத்தண்ணீரில் மிதந்தன. கட்டிப்போட்டிருந்த நாய் ஒருமுறை செருமியது. அத்தோடு அதன் கதையும் முடிந்தது.

பவுனம்மாள் அடுப்படியில் ஒடுங்கிக்கொண்டாள். ஈர விறகு புகைந்தது. தொண்டையில் அரிப்பு. எச்சிலை விழுங்கினாள். நாளெல்லாம் வாய் ஓயாதவள், அன்று மூச்சுவிடவே பயந்தாள்.

வாசலை மறித்து அவன் வந்து உட்கார்ந்தான். கை முழங்கைவரை சிவப்பு. மடியில் நீளமாக ஒரு இரும்புக் கம்பி. அதன் முனையில் இறகைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“கண்ணு ஏன் கலங்குது புள்ள?”

“பொகைங்க.”

“தொண்டை?”

“ஒண்ணுமில்லைங்க.”

“பயப்படாத. வெறும் எறகு ஒனக்கு எட்டாதுன்னுதான் கம்பி.”

மழை வலுத்தது. புகை வெளியே போகவில்லை. முந்தானையை வாயில் திணித்தாள். நெஞ்சு குலுங்கியது. அடக்கினாள். மறுபடி அடக்கினாள்.

இருமிவிட்டாள்.

தலைமயிர் அவன் பிடியில். முதுகில் தரை. நெஞ்சில் முழங்கால். அவள் பிறாண்டினாள், கடித்தாள். தாடையை அழுத்திப் பிளந்தான். மண்ணெண்ணெய் நாற்றம். இரும்பு. அவன் கண்ணீர் அவள் முகத்தில் சொட்டியது.

“ஒன்னையும் சாக விடமாட்டேன் தாயி.”

உள்ளே. இன்னும் உள்ளே. ஒரு திருகு.

இழுத்தான்.

முனையில் சிவப்பாய் ஒரு துண்டு தொங்கியது. தன் சதைதான் என்று நினைத்தாள். அது நெளிந்தது.

“பாத்தியா! பாத்தியா!” அவன் குழந்தைபோல அழுதுகொண்டே சிரித்தான்.

விட்டுவிடச் சொல்லிக் கெஞ்ச நினைத்தாள். ரத்தம்தான் கொப்பளித்தது. அவன் தோள்துண்டால் அவள் உதட்டைப் பதமாகத் துடைத்தான். கம்பியை மறுபடி மண்ணெண்ணெயில் தோய்த்தான்.

“இன்னும் இருக்கு பவுனு. வாயத் தொற.”