பதினேழாம் இணைப்பு

யுன்ரூவின் மேசைமேல் இருந்த போன் ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. திரையில் 17 என்று மட்டும் வந்து மறைந்தது. அந்த அலுவலகத்தில் மொத்தமே பதினாறு இணைப்புகள்தான்.

அன்று புயல் விடுமுறை. கீலுங் துறைமுகத்தைப் பார்த்த அந்த நான்காம் மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறிபோல ஒட்டியிருந்த நாடாக்களுக்குப் பின்னால் கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடந்தன. இடுக்குகளில் புகுந்த காற்று, பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல் நின்று நின்று ஒலித்தது. ஈரக் கம்பளத்தின் முடை நாற்றத்தோடு, அவள் பாதி தின்றுவிட்டு வைத்த நூடுல்ஸின் வாசனையும் சேர்ந்து வீசியது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிக்கு முழு விடுமுறை கிடையாது. எழுபது கட்டடங்களில் எந்த லிஃப்ட்டுக்குள் யார் மஞ்சள் பொத்தானை அழுத்தினாலும் மணி இங்கேதான் அடிக்கும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் முதலாளி லின், பழைய தொலைபேசிக் கம்பிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியிருந்தார். வசதிதான். அழைப்பு வந்தால் கட்டடத்தின் பெயரும் தெருவும் திரையிலேயே வந்துவிடும். ஒரே குறை, பேச்சு சற்றுத் தாமதித்துப் போய்ச் சேரும். ஹலோ சொல்லிவிட்டு, கிணற்றில் கல்லைப் போட்டவள்போலக் காத்திருக்க வேண்டும்.

மறுபடி 17. யுன்ரூ எடுத்தாள்.

"யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுபோச்சு. தண்ணி வருது." ஒரு பெண்ணின் குரல். அதில் பதற்றமே இல்லை.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன். எந்தக் கட்டடம்?"

காத்திருந்தாள். மூச்சு கேட்டது. தகரத்தில் நீர் சொட்டுவது கேட்டது. எங்கோ தூரத்தில் குப்பை வண்டியின் மெட்டு, குழந்தைகளின் பொம்மைப் பெட்டிபோல, தேய்ந்து கேட்டது. யுன்ரூ ஜன்னலைப் பார்த்தாள். புயல் நாளில் குப்பை வண்டி வராது.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! எந்தக் கட்டடம்? சொல்லுங்க!"

நான்கு தடவை கேட்டாள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து, அவளுடைய முதல் கேள்விக்குப் பதில் வந்தது.

"கிழக்குப் படகுத்துறை. மீன் கிடங்கு. சரக்கு லிஃப்ட். கணுக்காலுக்கு வந்துடுச்சு."

யுன்ரூ ரிசீவரை இடது காதில் இடுக்கிக்கொண்டே பக்கத்து மேசைப் போனில் ஆச்சூனைக் கூப்பிட்டாள். முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கும் ஆள். அன்று வண்டியோடு வெளியே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அடப் போ தங்கச்சி," என்றார் ஆச்சூன், வாயில் வெற்றிலைப் பாக்கை ஒதுக்கிக்கொண்டு. "கடல் தண்ணி புகுந்து அந்தக் கிடங்கப் பூட்டி ஒன்றரை மாசமாச்சு. எலிகூட அங்க லிஃப்ட்ல ஏறாது. என் வீட்டுக்காரி இஞ்சி போட்டு வாத்து சூப் வச்சிருக்கா, ஆறிடும்."

"அண்ணே, ஒரு பொம்பள மாட்டிக்கிட்டிருக்கு. தண்ணி ஏறுதாம். கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "சரி சரி, அழாத. பத்து நிமிஷத்துல போறேன். போன வைக்காத."

தன் கைபேசியில் தீயணைப்புத் துறைக்கும் முயன்றாள். வரிசையில் நிற்க வைத்தார்கள். கடைசியில் ஒருவர், மலைச்சரிவு விழுந்திருக்கிறது, ஒரு மணி நேரமாகும் என்றார். அதற்குள் கணினியில் மீன் கிடங்கின் பெயரைத் தேடினாள். ஒரே ஒரு பதிவு. இணைப்பை மாற்றிய அன்று மதியம், நாற்பத்தொரு நிமிடம் அடித்து, யாரும் எடுக்காத அழைப்பு. அன்று எல்லாப் போன்களும் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தன, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதிவுக்குப் பக்கத்தில் குறிப்பு இருந்தது: 'சோதனை அழைப்பு. முடிக்கப்பட்டது.' கீழே அவள் பெயர்.



"அம்மா, கேக்குதா? தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"இடுப்புக்கு."

இந்த முறை பதில் உடனே வந்தது.

"அன்னிக்கு... எனக்குத் தெரியாமப் போச்சும்மா. ஆள் வந்துக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. தயவுசெஞ்சு."

"பொறுத்துக்கிட்டுதானே இருக்கேன்."

வலது காதில் ஆச்சூன் மூச்சிரைத்தார். "தங்கச்சி, பூட்ட ஒடச்சுட்டேன். மூணாவது மாடிக்கு வந்துட்டேன். லிஃப்ட் இங்கதான் நிக்குது, கதவத் திறந்து போட்டுக்கிட்டு. உள்ள ஒரே தூசி. ஆள் யாரும் இல்ல."

"காலடிச் சத்தம் கேக்குது," என்றாள் இடது காதில் அந்தப் பெண். "வந்துட்டாரு."

யுன்ரூ வலது காது ரிசீவரை வாயருகே இழுத்தாள்.

"அண்ணே, திரும்பி வந்துடுங்க."

"இரு, உள்ள போன்ல பச்சை விளக்கு எரியுது. கரண்டே இல்லாத கட்டடத்துல எப்படி எரியுது? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு..."

"வேண்டாம்! உள்ள போகாதீங்க! அண்ணே!"

அந்தச் சொல் போய்ச் சேர அரை நொடி பிடித்தது.

இரும்புக் கதவு மூடியது. வலது காதில்.

பிறகு இடது காதிலும்.

வலது காதில் இணைப்பு அறுந்தது. இடது காதில் நீர். நிறைய நீர். சுவரில் மோதித் திரும்பும் நீர்.

"தங்கச்சி?" ஆச்சூனின் குரல். அந்தப் பெண்ணின் இணைப்பில். "கதவு மூடிக்கிச்சு. ஒண்ணுமே தெரியல. தண்ணி எங்கருந்து வருது? தங்கச்சி, இது யாரு என் கையப் பிடிக்கறது?"

"அண்ணே! அண்ணே!"

பெண் குரல் காதுக்கு மிக அருகில் வந்தது. மெதுவாக.

"அவர் இருக்கட்டும். நான் இறங்கிக்கறேன்."

யுன்ரூ அலறினாள். ஆளில்லாத மேசைகளைப் பார்த்து அலறினாள். ரிசீவரை வைக்கவில்லை. வைத்தால் அவர் போய்விடுவார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். ஆச்சூன் மனைவியைக் கூப்பிட்டார். யுன்ரூவைக் கூப்பிட்டார். இடுப்பு என்றார். நெஞ்சு என்றார். அவள் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு அதே இணைப்பில் ஒரு புதிய குரல் குறுக்கிட்டது.

"ஹலோ, தீயணைப்புலேருந்து பேசறோம். லிஃப்ட்டுக்குள்ளதான் நிக்கறேன். கதவ நெம்பித் திறந்தாச்சு. கீழ ஒரு வண்டி நிக்குது, வைப்பர் ஓடிக்கிட்டே இருக்கு. மேல யாரும் இல்லம்மா. தூசியில பூட்ஸ் தடம் உள்ள வந்திருக்கு, வெளிய போன தடம் இல்ல. எல்லாம் காஞ்சு கெடக்கு. உங்களுக்கு யாரு போன் பண்ணினது?"

"உங்க பின்னால," என்றாள் யுன்ரூ. "உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன கேக்கணும்? நாங்க ரெண்டு பேர்தான் இங்க இருக்கோம். ஹலோ? ஹலோ?"

அவர் குரலுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், ஆச்சூன் உள்ளங்கையால் இரும்பை அறைந்துகொண்டிருந்தார். படார். படார். ஒவ்வொரு அறைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு ஓசை மாறியது. மழுங்கியது. இப்போது அது நீருக்கு அடியிலிருந்து வந்தது.