சிவப்புக் கோடு கலையாத திருட்டு

சனிக்கிழமை காலை, குருபரப்பள்ளிப் பட்டறை. பிக்கப்பின் அடியில் படுத்திருந்த ஜெபசீலி, பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மேல் மூடியைத் திருகினாள். 'புஸ்' என்று சூடான காற்று முகத்தில் அடித்தது. விரலை உள்ளே விட்டாள். எட்டிய வரைக்கும் எண்ணெய் இல்லை.

"எண்ணெய் காணோம்" என்றாள்.

"பாத்தியாடா! சொன்னேன்ல?" மேலிருந்து கத்தினார் சென்னப்பன். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர், வண்டியின் சொந்தக்காரர். கத்தியது டிரைவர் மணியைப் பார்த்து. "இவன்தாம்மா எறக்கி வித்திருக்கான். திருடுன கை இனிமே இந்தச் சாவியத் தொடக் கூடாது, ஆமா!"

சாவி அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. மணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மாங்காய் சீசன் நடுவில் திருடன் என்று பேர் வாங்கிய டிரைவரை எந்தத் தோப்பிலும் சேர்க்க மாட்டார்கள். அவன் பிழைப்பே அந்தச் சட்டைப் பைக்குள் இருந்தது.

ஜெபசீலி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். ஓசூர் கியர் கம்பெனி ஒன்றில் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிப் பழகியவள், இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், காது அதைவிட நீளம்.

சற்று முன்புதான் சென்னப்பனிடம் சாவியை வாங்கி, மூன்று பேருமாகச் சூளகிரி மேடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளை. காலை எடுத்தால் கப்சிப். தார் ரோட்டிலும் பாலத்துக் கான்கிரீட்டிலும் ஒரே ஊளை, ஆகவே டயர் இல்லை. வளைவில் திருப்பினாலும் மாறவில்லை, ஆகவே சக்கரத்துப் பேரிங் இல்லை. ஹவுசிங்குக்குள் இருக்கும் பினியன் பேரிங்தான் கத்துகிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். எண்ணெய் இல்லாமல் கத்துகிறது என்பது இப்போது தெரிந்தது. எண்ணெய் எப்படிப் போனது என்பதுதான் தெரியவில்லை.

"இவர் வித்திருக்க முடியாதுங்கண்ணா."

"ஏன் முடியாது?"

ஆயில் மாற்றும் ஒவ்வொரு வண்டிக்கும், மூடியையும் ஹவுசிங்கையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பது ஜெபசீலியின் வழக்கம். ஸ்பேனர் பட்டால் கோடு உடைந்துவிடும். போன முறை இந்த வண்டிக்கும் இழுத்திருந்தாள். இப்போது அவள் திறக்கும் வரை மேல் மூடியின் கோடு முழுசாக இருந்தது. எண்ணெயை வடிக்கும் கீழ் மூடியின் கோடு இன்னமும் முழுசாகத்தான் இருக்கிறது என்று காட்டினாள். பூட்டு பூட்டியபடி இருக்க, உள்ளே இருந்தது மட்டும் போய்விட்டது.

"அப்ப நீ ஊத்தவே இல்லம்மா!"

"வழியற வரைக்கும் ஊத்துனேன். குனிஞ்சு பாக்கறேன்னு வந்து வேட்டியக் கறை பண்ணிக்கிட்டு, அதுக்கும் என்னையத்தான திட்டுனீங்க?"

சென்னப்பனுக்கு வேட்டி ஞாபகம் வந்தது.

விசாரணை தொடங்கியது.

"மணி, பிரேக் எப்படி?"

"மேடு எறங்கறப்ப வழுக்குதுங்கக்கா. கருகுன வாசன வேற. சொன்னா சாக்கு சொல்றேன்னு ஏசறாரு."

"அண்ணா, வண்டி நிக்கற எடத்துல எண்ணெய்க் கறை?"

"ஒரு சொட்டு கெடையாது."

"அடிப்பாகம் பளபளன்னு இருக்குதே, யாரு கழுவறது?"

சென்னப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நானேதான். வெள்ளிக்கெழம தவறாம. மோட்டார் போட்டு அடிச்சு, அடியில படுத்து, சந்தனம் குங்குமம் வெப்பேன். மத்தவங்க பானட்ல மட்டும் வெச்சுட்டுப் போயிருவாங்க. பாரம் சுமக்கறது அச்சுதானம்மா? அதுல புடைச்சிட்டு இருக்கற எடம் ஒண்ணு விடமாட்டேன்."

ஜெபசீலி டார்ச்சோடு மறுபடி அடியில் புகுந்தாள். அச்சு நெடுக மஞ்சள் பொட்டுகள். ஹவுசிங்கின் உச்சியில் இருந்த ஒன்றில் வெளிச்சம் நின்றது. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"மணி, பின் சக்கரத்தக் கழட்டுங்க. பிரேக் டிரம்மையும்."

டிரம் கழன்றது. உள்ளே பிரேக் கட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"காணாம போனவரு இங்கதான் இருக்காரு" என்றாள் ஜெபசீலி. "திருடன் யாருன்னு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா, விடாத!" சென்னப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வண்டி ஓடுனா உள்ள சூடேறி காத்து உப்பும். அது வெளிய போக ஹவுசிங் உச்சியில குமிழ் மாதிரி ஒரு மூச்சுத் தொளை இருக்குது. அத அடைச்சா காத்து வேற வழி பாக்கும். சக்கரத்தோரம் இருக்கற ரப்பர் சீல் வளையத்த நெம்பிக்கிட்டு, எண்ணெயையும் கூட்டிக்கிட்டு டிரம்முக்குள்ள போயிரும். ஓடறப்ப மட்டுந்தான் ஒழுகும். அதான் நிக்கற எடத்துல கறை இல்ல. நான் மூடியத் தெறந்ததும் புஸ்ஸுனுச்சே, அது அடைஞ்சு கெடந்த காத்து. எல்லாரும் கேட்டோம், யாரும் கவனிக்கல."

"எவன் அடைச்சான்?"

ஜெபசீலி உள்ளங்கையை நீட்டினாள். ஸ்குரூடிரைவரால் பெயர்த்தெடுத்த சந்தன வில்லை. மேலே குங்குமம், அடியில் இன்னொரு சந்தனம், அதனடியில் இன்னொரு குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

"ஒரு வெள்ளிக்கெழம கூட விட்டுப் போகலண்ணா."

"அய்யோ தேவுடா!" என்றார் சென்னப்பன். மணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் டிரம்மைத் துடைக்கப் போய்விட்டான்.

மத்தியானம் ஹவுசிங்கைப் பிரித்தார்கள். நல்லவேளை, பல்சக்கரங்களில் காயமில்லை. பினியன் பேரிங், சீல், பிரேக் கட்டை எல்லாம் புதிது மாற்றினாள். பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றி, பல்லோடு பல் நடுவில் படிகிறதா என்று பார்த்தாள். அச்சு வார்த்தது போலப் படிந்தது. மூச்சுத் துளையைச் சுத்தம் செய்து, எண்ணெய் ஊற்றி, சிவப்புக் கோடு இழுத்தாள்.

"பொட்ட பானட்லயே வைங்கண்ணா. சாமி கோவிச்சுக்காது."

சென்னப்பன் தலையாட்டினார்.

"ஓட்டிப் பாத்துரலாம். சாவி?"

சென்னப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மணிக்கு எதிரில் போய், நெஞ்சை முன்னால் நீட்டினார்.

"தப்பு என்மேலடா மணி. நீயே எடுத்துக்க. இந்தக் கை அதத் தொடக் கூடாது."