பத்து மீட்டருக்குள்

திரையில் அம்புக்குறி நகத்தளவு நகர்ந்தது. லோசாவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

அவள் மேசையைப் பார்த்தாள். மடிக்கணினி, கொசுவர்த்திச் சுருள், ஆறிப்போன கோகோ. மவுஸ் இல்லை.

வாசலில் நாத்தனார் மரேத்தா நின்றாள். இடுப்பில் சுற்றிய வெள்ளை லவலவா, கையில் வேதாகமம். அவள் பின்னால் லோசாவின் மகள் லூபே, ஆறு வயது, தலை வாரி ஜெபத்துக்குத் தயாராக.

“ஜெபத்துக்கு வரல?”

“தலவலி.”

“தலவலிக்குக் கம்ப்யூட்டரா மருந்து? நல்லாருக்கு அண்ணி.” மரேத்தா திரையை எட்டிப் பார்த்தாள். “ஆக்லாந்துல குடியேற ஆள் எடுக்கற குலுக்கலா? போ. உன்ன யாரு புடிச்சு வச்சா. புள்ளய மட்டும் எங்கண்ணன் விடமாட்டான்.”

“உங்கண்ணன் செத்து நாலு மாசம் ஆச்சு மரேத்தா.”

“வாசல்லதான படுத்திருக்கான். போய் அவன்கிட்டயே சொல்லு.”

சங்கு ஊதியது. மாலைச் சங்கு ஊதிவிட்டால் ஊரில் யாரும் வெளியே நடமாடக் கூடாது. மரேத்தா லூபேயைக் கையோடு இழுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு விரைந்தாள்.

சாலையில் பந்தாடியவர்களின் சத்தம் அறுந்தது. அடுப்புக் கற்களில் சுட்ட சீமைப்பலாக்காயின் வாசனையும் தேங்காய்ப்பாலில் வெந்த இலைகளின் வாசனையும் ஈரக் காற்றோடு தாழ்ந்து வந்து வீட்டுக்குள் தேங்க, ஒவ்வொரு வீடாகத் துதிப்பாட்டு எழும்பி, கடைசியில் ஊர் முழுவதும் ஒரே தொண்டையால் பாடுவதுபோல் ஆயிற்று. லோசா விண்ணப்பத்தைத் திறந்தாள். இன்றிரவோடு பதிவு முடிகிறது. அடுத்த வருடம்வரை காத்திருந்தால் இந்த வீட்டில் லூபே அவளுடைய பிள்ளையாக மிஞ்ச மாட்டாள்.

விசைகளைக் கொண்டே ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தாண்டினாள். தொடுபலகை வேலை செய்யாது. அதைக் கணவன் சியாகி முஷ்டியால் குத்தி உடைத்தான். முஷ்டி ஓங்கப்பட்டது அவளை அடிக்க.

நேற்று தலைநகர் ஆப்பியாவின் சந்தையில் பழைய கம்பியில்லா மவுஸ் ஒன்றை வாங்கிக் கணினியோடு பொருத்திப் பார்த்தாள். அசையவில்லை. கடைக்காரன் சிரித்தான்.

“ரிசீவர் எங்க?”

“பழசு ஒண்ணு கம்ப்யூட்டர்லயே சொருகியிருக்கே.”

“அது அதோட மவுஸுக்கு மட்டுந்தான் கேக்கும் அக்கா. புருஷன் பொண்டாட்டி மாதிரி. வேற யாரு கூப்பிட்டாலும் திரும்பாது.”

“எல்லாமே இப்படித்தானா?”

“சில கம்பெனிதுல ஒரு ரிசீவரோட ஆறு மவுஸ் பழகும். அது வேற மாதிரிக் குடும்பம். உன்னோடது பத்தினி.” அவன் மவுஸைத் திரும்ப வாங்கிக்கொண்டான். “பழைய மவுஸத் தேடு. பத்து மீட்டருக்குள்ள இருந்தா போதும். பாட்டரி ரெண்டு வருஷம் வரும். சும்மா கெடந்தா தூங்கும். கை பட்டா முழிச்சுக்கும்.”

தேட வேண்டியதில்லை என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. சியாகியின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மரேத்தா அவனுடைய ரக்பிச் சட்டையை உள்ளே வைத்தாள். வேதாகமத்தை வைத்தாள். பிறகு மவுஸை அவன் வலது கைக்குள் திணித்து விரல்களை மடக்கினாள். எந்நேரமும் அவன் கையில்தானே இருந்தது என்று அழுதாள். ரிசீவரை யாரும் நினைக்கவில்லை. அது விரல் நகம் அளவுதான்.

அம்பு நகர்ந்தது.

இம்முறை நகத்தளவு அல்ல. திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. தயங்கியது. எழுத்துகளின் மேல் ஊர்ந்தது, வாசிப்பவனைப்போல.

லோசா ஜன்னல் வழியே பார்த்தாள். வாசற்படியிலிருந்து ஒரு பாய் விரிக்கும் தூரம். தகரக் கூரை, பிளாஸ்டிக் பூக்கள், வெள்ளை ஓடு பதித்த கல்லறை. ஓடுகளில் மாலையின் கடைசி வெளிச்சம்.

அம்பு ‘லூபே’ என்ற பெயரருகே நின்றது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

இன்னொன்று.

மூன்றாவது.

அவளுக்கு வந்த செய்திகளைத் திறந்து வைத்து, அவளைப் பின்னால் நிற்க வைத்து, சியாகி இப்படித்தான் செய்வான். ஒரு வரியைச் சுற்றி மூன்று வட்டம். பிறகு திரும்பாமலே கேட்பான், “யாரு இது?”

அம்பு பெயரின் ஓரத்திலிருந்த நீக்கல் குறிக்குப் போனது. லூபே மறைந்தாள்.

லோசா மறுபடி எழுதினாள். லூ. பே. பிறந்த தேதி.

வட்டம். வட்டம். வட்டம்.

மறைந்தாள்.

“விடு,” என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “செத்தும் விடமாட்டியா நீ.”

அம்பு அவள் பெயருக்கு வந்தது. சுற்றவில்லை. அதன் மேல் நின்று நடுங்கியது, அடிக்க ஓங்கிய கைபோல.

ரிசீவரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகம் பிளந்தது. மறுபடி இழுத்தாள். வந்தது.

அம்பு நின்றது.

ரிசீவரை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு மற்றக் கையால் லூபேயின் பெயரை எழுதினாள். அது மறையவில்லை. அனுப்பினாள். பச்சை எழுத்தில் பதில் வந்தது. கிடைத்தது. இரண்டு பெயர்கள்.

அவள் மூச்சு விட்டாள். பெரிய வீட்டில் துதிப்பாட்டு இன்னும் முடியவில்லை. சாலை காலியாக இருந்தது. நாய்கூட இல்லை.

சரக். சரக். சரக்.

ஓட்டின் மேல் எதுவோ உரசும் சத்தம்.

ஜன்னலுக்குப் போனாள்.

கல்லறை மேல் லூபே மண்டியிட்டிருந்தாள். ஜெபத்தை விட்டு எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது உள்ளங்கை ஓட்டின் மேல் குவிந்திருந்தது, எதையோ பிடித்திருப்பதுபோல.

“லூபே.”

அந்தச் சிறிய கை ஒரு வட்டம் போட்டது.

“லூபே, எழுந்து வா.”

இன்னொன்று.

மூன்றாவது.

பிறகு ஆள்காட்டி விரல் மட்டும் உயர்ந்து, ஓட்டின் மேல் ஒரு முறை தட்டியது.

“யாரு இது?” என்றாள் குழந்தை, திரும்பாமலே.