மாப்பிள்ளையின் ஆட்சேபணை

"மழையா? இன்னைக்கு வராதுங்க" என்று பாக்கியநாதன் சொல்லி வாயை மூடவில்லை. முதல் துளி அவன் மூக்கின் மேலேயே விழுந்தது.

நொய்யல் கரையில், மண்ணரைப் பக்கம் இருந்த சலவைப் பட்டறைக்கு அவன் சூப்பர்வைசர். பனியன் கம்பெனியில் பின்னி வரும் துணியை வெளுத்து, உலர்த்தி, திருப்பி அனுப்புவது வேலை. காலையிலேயே வானத்தை அண்ணாந்து பார்த்திருந்தான். விரலை நனைத்துக் காற்றின் திசை பார்த்திருந்தான். அறிவுக்கு எட்டிய எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மழைக்கு வழியே இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, பட்டறையில் இருந்த மொத்தத் துணியையும் காயப்போட வைத்தவன் அவன்தான். வருஷம் முழுக்கப் பெய்யாத மழை... வானத்துக்கே மறந்துபோன மழை... இன்றைக்கா வரப்போகிறது?

வந்தது. கொட்டியது.

ஆட்கள் ஓடினார்கள். அவனும் ஓடினான். பனியன் துணி மிஷினிலிருந்து வெட்டாத குழாயாகத்தான் வரும். அதை அள்ளிக்கொண்டு எதிர்க்காற்றில் ஓடக்கூடாது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் சூப்பர்வைசருக்கு மட்டும் மறந்துவிட்டது. குழாய் வாயைப் பிளந்தது. அவனைத் தலையோடு விழுங்கியது.

கதாநாயகன் என்றால் குதிரை மேல் வர வேண்டும். முடியாவிட்டால் ஒரு சைக்கிளிலாவது... நம் ஆள் தலையணை உறைக்குள் மாட்டிய பூனை மாதிரி, முட்டி மோதிக்கொண்டு வந்தான். எதன் மேலோ இடித்தான். யாரோ துணியைப் பிடித்து இழுத்தார்கள். குழாயின் அந்த முனையில், வட்டமான வெளிச்சத்துக்குள், இரண்டு கண்கள் தெரிந்தன.

இமை நுனியில் மழை தொங்கிக்கொண்டிருந்தது. விழலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற மழை... அந்த இடத்தை விட்டுப் போக அதற்கு மனமில்லை போலிருந்தது. பாக்கியநாதனுக்கு அந்தத் துளியின் மேல் பொறாமை வந்தது. பிறகுதான் தான் இன்னும் பாதி துணிக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

கேட்காமலே அவளும் துணி அள்ளினாள். கொட்டகைக்குள் வந்து சேர்ந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இந்த வழியில் எங்கே வந்தீர்கள் என்று அவன் விசாரித்தான். சபையில் மழைக்காக உபவாச ஜெபம். காலையிலிருந்து பட்டினி கிடந்து, இப்போதுதான் முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

அவன் அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தான்.

"ஏனுங்க... மழை வேணும்னு பட்டினி கெடந்து கேட்டிருக்கறீங்க. கேட்டுப்போட்டு, குடை எடுக்காம வந்துட்டீங்களே?"

அவள் முகம் சிவந்தது. பிறகு கொட்டகை மூலையில் மடித்தபடி கிடந்த தார்ப்பாயைக் கண்ணால் காட்டினாள்.

"நீங்க மழை வராதுன்னு கணக்குப் போட்டு, அதை மூலையில போட்டு வெச்சிருக்கறீங்களே... உங்க கணக்கு மட்டும் என்ன ஆச்சுங்க?"

வேலையாட்கள் ஈரத் துணிக்குப் பின்னால் திரும்பி நின்று சிரித்தார்கள். பாக்கியநாதனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதோ வந்தது. என்னவென்று அப்போது அவனுக்குப் பிடிபடவில்லை.

யார் வீட்டுப் பெண் என்று கேட்டான். பெயர் சுகிர்தா, சபைப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர், உபதேசியார் ஈசாக்கின் மகள் என்றாள்.

அவன் முகம் அப்படியே சாத்திக்கொண்டது... மழைக்கு ஜன்னலை அடைக்கிற மாதிரி.

உபதேசியார் ஈசாக்கு. சபையில் போதகருக்கு அடுத்தபடி அவர்தான். வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வது அவர் வேலை. அந்தக் குரல் பாக்கியநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் பட்டறைக் காவல்காரருடைய குடையை எடுத்து அவளிடம் நீட்டினான். ப்ளீச்சிங் தண்ணீர் தெறித்துத் தெறித்து, கறுப்புக் குடையில் அங்கங்கே வெளுத்துப் போயிருந்தது. அம்மை வடு விழுந்த குடை. திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை என்றான்.

*அப்படிச் சொன்னால் எப்படி? திருப்பித் தராமல் எப்படி மறுபடி பார்ப்பது...* என்று நினைத்தபடி அவள் நடந்தாள். நினைத்ததற்காக, இன்னொரு தரம் முகம் சிவந்தாள்.

குடை திரும்பி வந்தது, ஒடிந்திருந்த கம்பிக்கு நூல் சுற்றி, அழகாகத் தைக்கப்பட்டு. கொடுத்துவிட்டு அவள் போகவில்லை.

"எங்கப்பா பேரைச் சொன்னதும் ஏனுங்க உங்க மூஞ்சி அப்படிப் போச்சு?"

பாக்கியநாதன் நல்ல பதில் ஒன்றைத் தேடினான். அவனிடம் கேலிக்குப் பஞ்சமே கிடையாது. அன்றைக்குப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். ஆசுபத்திரியில் கட்டிலைச் சுற்றிச் சபையே முழங்காலில் நின்றது. உபதேசியார் சத்தமாக ஜெபித்தார். விசுவாசமாக இருங்க தம்பி, அம்மா எழுந்து வருவாங்க என்றார். அவன் விசுவாசமாக இருந்தான். பக்கத்துக் கட்டிலில் பல்லடத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள். எட்டிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. அந்த அம்மாள் எழுந்து, தன் போர்வையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

"எங்கம்மா போகலீங்க" என்றான் பாக்கியநாதன். "இதுக்கு என்ன நியாயம்? உங்கப்பாவைக் கேட்டேன். ஆண்டவர் சித்தம்னாரு. இன்னொருத்தர், சோதனைன்னாரு. இன்னும் ஒருத்தர், என்ர விசுவாசம் பத்தலைன்னாரு. அதோட சபைப் பக்கம் போறதை விட்டுட்டேன். நீங்க சொல்லுங்க டீச்சர். என்ன பதில்?"

அவள் யோசித்தாள். நேர்மையாக, நெற்றி சுருங்க, நெடுநேரம் யோசித்தாள்.

"தெரியலீங்க" என்றாள்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளோடு பழகியவள். நிலா ஏன் கூடவே வருகிறது, செத்துப்போன கோழிக்குஞ்சு எங்கே போனது என்று நாள் முழுக்கக் கேட்கிற பிள்ளைகள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. ஆனால் இதைச் சொன்னபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை யாரும் அவனிடம் சொன்னதில்லை. எல்லோரிடமும் பதில் இருந்தது. இவளிடம் மட்டும்தான் கண்ணீர் இருந்தது... அந்த இடத்தில், வெளுப்புத் தொட்டிக்கும் துணிக் குவியலுக்கும் நடுவில், குளோரின் நெடி மூக்கைத் துளைக்க, பாக்கியநாதன் காதலில் விழுந்தான். கவிதை எழுத ஏற்ற இடம் இல்லைதான். என்ன செய்வது, வேறு இடத்தில் விழ அவனுக்கு வசதிப்படவில்லை.

குடை மறுபடி அவளிடம் போனது. மழை வந்தாலும் வந்துவிடும் என்று அவன் சொன்னான். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். அது போயிற்று, வந்தது, போயிற்று... ஊரில் அத்தனை நடை நடந்த குடை வேறு எதுவும் இருந்திருக்காது.

பட்டறை முதலாளி கிட்டுசாமிதான் கடைசியில் வாய் திறந்தார். காவல்காரர் வெயிலில் காய்கிறார். ஒன்று, சொந்தமாகக் குடை வாங்கு. இல்லை, அந்தப் புள்ளையைக் கட்டிக்கொள் என்றார். அவரே பெண் கேட்கவும் போனார்.

உபதேசியார் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு, பையன் நல்லவன்தான், ஆனால் பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்று, சபையில் முழு அங்கமாகி நற்கருணை எடுக்காதவனுக்கு என் மகளை எப்படிக் கொடுப்பது என்றார். வகுப்புக்கு வரட்டும், விசுவாசத்தை அறிக்கையிடட்டும், அப்புறம் பேசலாம்.

அறிக்கையிட விசுவாசம் வேண்டுமே... என்று பாக்கியநாதன் ராத்திரியெல்லாம் புரண்டான். *சொன்னால் பொய். சொல்லாவிட்டால் சுகிர்தா இல்லை.* நியாயத்தின் பக்கம் ஒரு தட்டு. அந்தக் கண்களின் பக்கம் ஒரு தட்டு. நியாயம் லேசாகிப் போனது.

வகுப்புக்குப் போனான். நடத்தியவர் உபதேசியார். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவில் எருமை மாதிரி உட்கார்ந்து, கேள்வி பதில் முழுவதையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தான். உபதேசியார் மனம் குளிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைதான் அவனுக்கு முள்ளாகக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

பேராயர் வந்தார். சபை எழுந்து விசுவாசப் பிரமாணம் சொன்னது. 'விசுவாசிக்கிறேன்' என்ற இடம் வந்ததும் பாக்கியநாதனின் உதடுகள் ஒழுங்காக அசைந்தன. சத்தம் வரவில்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். பெண்கள் வரிசையில் ஒரு ஜோடிக் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எந்தக் கல்யாணமானாலும் மூன்று ஞாயிறு சபை நடுவில் பெயர்களை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். முதல் ஞாயிறு எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். இரண்டாம் ஞாயிறு உபதேசியார் வெளியே வந்து, அவன் தோளில் கைபோட்டு, மருமகனே என்றார். பாக்கியநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்தார். வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் பேசமாட்டார்கள் என்று தாளை மடிக்கவும் தொடங்கினார்.

"ஆட்சேபணை இருக்குதுங்க."

சபை திரும்பியது. எழுந்து நின்றவன் மாப்பிள்ளை.

கைவிசிறிகள் எல்லாம் நின்றுபோயின. போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். மாப்பிள்ளையேதான்.

"பொண்ணு மேல இல்லீங்க. மாப்பிள்ளை மேல" என்றான். "பேராயர் வந்தன்னைக்கு நான் வாயை மட்டுந்தானுங்க அசைச்சேன். நம்பறேன்னு சொல்லச் சத்தம் வரலை. எனக்கு இன்னும் சந்தேகம் இருக்குது. உபதேசியார் ஐயாவை ஏமாத்தி, அவர் புள்ளையைக் கட்டிக்கிறதுக்கு மனசு கேக்கலீங்க."

சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தான். போயிற்று... எல்லாம் போயிற்று.

உபதேசியார் ஈசாக்கு காணிக்கைப் பையோடு ஓரமாக நின்றிருந்தார். பையைப் பெஞ்சின் மேல் வைத்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் மெல்ல நடந்து அவன் முன்னால் வந்தார்.

"உங்கம்மா கட்டில்கிட்ட நான் சத்தமாத்தான் ஜெபிச்சேன் தம்பி" என்றார். "நல்லா சத்தம் வந்துச்சு. எந்திரிச்சு வருவாங்கன்னு உன்கிட்டச் சொன்னனே... நம்பித்தான் சொன்னனா, அழுவற பையனைத் தேத்தறதுக்குச் சொன்னனான்னு, இன்னை வரைக்கும் எனக்குத் தெரியலை. நீ எந்திரிச்சு நின்னு சொல்லிப்போட்டே. நான் ஒரு நாளும் எந்திரிச்சு நிக்கலை."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை.

போதகர் தொண்டையைச் செருமினார்.

"ஏற்கனவே கல்யாணம் ஆயிருந்தா ஆட்சேபணை. முறை தப்புன்னா ஆட்சேபணை. மாப்பிள்ளைக்குச் சந்தேகம்ங்கறது சபைச் சட்டத்துல இல்லீங்க. அப்படி ஒண்ணு இருந்திருந்தா..." என்று தன் அங்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நானும் இங்க நிக்க முடியாது. பொண்ணு வீட்டுல வேற ஏதாவது சொல்றீங்களா?"

பெண்கள் வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. சுகிர்தா எழுந்து நின்றிருந்தாள். பெண்கள் சபையில் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை. அவள் தாயார் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றாள்.

ஆராதனை முடிந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. சபை முழுவதும் அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றது. வேப்பமரத்தடியில் அவள், கையில் அந்த வெளுத்த குடையோடு.

"தெரியும்ங்க" என்றாள், அவன் ஆரம்பிக்கும் முன்பே. "அன்னைக்கு உங்க வாயைத்தான் பாத்துட்டிருந்தேன். சத்தம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா ஓலை வாசிக்க விட்டீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நம்பினேன். மொத வாரம் சொல்லலை. ரெண்டாவது வாரமும் சொல்லலை. இன்னைக்குத்தான் கடைசி..." அவள் குடைக் காம்பைத் திருகினாள். "சொல்லாம இருந்திருந்தா நானே எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லியிருப்பேன். அழுதுட்டே சொல்லியிருப்பேன்."

அவன் வானத்தைப் பார்த்தான். நீலம்... துடைத்து வைத்த நீலம்.

"மேகமே இல்லை. குடை எதுக்குங்க?"

"அன்னைக்கு எடுக்காமப் போனேன்ல" என்று சிரித்தாள். இமை நுனியில் இப்போதும் ஒரு துளி; மழை அல்ல. "நானும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே பழகோணும்."

குடையை விரித்தாள். வெளுத்து நைந்த இடங்கள் வழியாக வெயில் அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பாக்கியநாதன் ஒரு அடி நெருங்கி, அதன் நிழலுக்குள் வந்தான்.

"எங்கம்மா விஷயம்... அதுக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியலீங்க."

"எனக்குந்தானுங்க. சேந்து தேடலாம். ஆனா ஒண்ணு..." அவள் விரலை உயர்த்தினாள், ஒண்ணாம் வகுப்புக்கு உயர்த்துகிற மாதிரியே. "கல்யாணத்தன்னைக்கு, இவளைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேப்பாங்க. அப்ப வாயை மட்டும் அசைச்சீங்க..."

"சம்மதமுங்க" என்றான்.

சத்தம் வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. சபை முழுவதும் பார்க்காத மாதிரி இருப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பெண்டு பிள்ளைகளோடு தெருவுக்குப் போயிருந்த போதகர்கூட நின்றார்.

"இன்னும் கேக்கவே இல்லீங்களே" என்று சுகிர்தா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கேக்கட்டும். அப்பவும் சொல்றேன்" என்றான் பாக்கியநாதன். "இதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க."