எழுதப்படாத ‘விழுங்கு’

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: அன்று பகல் இரண்டு மணிக்கு, ஏழாயிரம் வரி சி மொழி நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இணைந்துவிட்டது. எழுதியவன்தான் நம்பாமல் திரையை இரண்டாம் முறை படித்தான்.

எதையும் தள்ளிப்போடுவதால் அலுவலகத்தில் அவன் பெயர் ‘அப்புறம்’. அந்த நிரல் ஓட்டுவது, விழுங்க முடியாத நோயாளிகளுக்குக் குழாய் வழியே கூழ் செலுத்தும் இயந்திரத்தை. அது ‘விழுங்கு’ என்றொரு ஃபங்ஷனை, அதாவது துணை நிரலை, அழைக்கிறது. அதை அவன் எழுதவே இல்லை. ‘வேறு கோப்பில் இருக்கிறது’ என்று ஒரு வரி உத்தரவாதம் மட்டும் கொடுத்திருந்தான். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் அப்பாவி, நம்பிவிடும். கோப்புகளைக் கோக்கும் லிங்கர் அப்படியல்ல. எல்லாவற்றையும் கிளறும், கிடைக்காவிட்டால் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

இன்று சொல்லவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா அப்புறம், விழுங்கு எழுதிட்டியா? மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. சொதப்பினா நாளையிலிருந்து நீ வீட்ல தூங்கலாம்.”

“இருக்கு சார்.”

மேசையில் சோதனைக் கூழ் ஆடை கட்டி, புளித்த பாலும் ஈரத் துணியும் கலந்த வாடையை அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்க, எந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று லிங்கர் எழுதிவைக்கும் பட்டியலை மூக்கைப் பொத்தியபடி திறந்தான். விழுங்கு: யாரும் தொடாத பழைய சர்வரில். அந்தக் கோப்பை அழித்தான். மறுபடி இணைத்தான். முணுமுணுப்பில்லை. விழுங்கு: அவனுடைய கணினியில். அழித்தான். விசைகளுக்கிடையே வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது. சளி மாதிரி. விரலை எடுத்தால் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

மூன்றாவது முறையும் இணைந்தது. இப்போது கணினியும் இல்லை, கோப்பும் இல்லை. விழுங்கு கிடைத்த இடமாகப் பட்டியலில் அவனுடைய ஊழியர் எண் மட்டும்.

தொண்டைக்குள் ஏதோ புரண்டது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். “ஓட்டுப்பா” என்றார் மேலாளர்.

எழுதலை சார் என்று இப்போதாவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான். திறந்தது. மூடவில்லை. இன்னும் திறந்தது. தாடை கழன்றுகொண்டது.

“கூச்சப்படாதே” என்று மேலாளரே பொத்தானை அழுத்தினார்.

நிரல் விழுங்கை அழைத்தது. மேசையிலிருந்த இயந்திரத்தின் குழாய் நெளிந்து வந்து அவன் உதட்டைத் தடவியது. நுழைந்தது. முழம் முழமாக. கூழ். ஆடையோடு, கட்டியோடு. கூழ் நின்ற பிறகும் தொண்டை நிற்கவில்லை. குழாய் தீர்ந்தது. மேசை விளிம்பு. பல்லில் மரம் நொறுங்கியது. அடுத்தது பொத்தான்; மேலாளரின் கை இன்னும் அதன் மேலேயே இருந்தது.

இயந்திரம் சோதனையில் தேறியது.