எல்லை தாண்டிய பதினேழு

செல்வமலரின் கைபேசி 'டிங்' என்றது.

வலது கையில் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். இடது கையால் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

'கிடாய் இலக்கம் 17... மீண்டும் தொடர்பில்.'

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

பதினேழு காணாமல் போய் ஒன்பது நாள்! அது காணாமல் போன அதிகாலையில்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்வார், அவளுடைய மேய்ச்சல் நிலத்துக் காட்டுப்பாதையில் செத்துக் கிடந்தார். ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டுப் போயிருந்தது. டயர்த் தடம் இருந்தது... ரத்தம் இருந்தது... ஓட்டியவன் யாரென்றுதான் தெரியவில்லை.

செல்வமலருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால், சுவீடன் எல்லையை ஒட்டி அவளுடைய நாற்பது ஆடுகள்.

அவற்றுக்கு வேலி கிடையாது. கழுத்துப்பட்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. போனில் விரலால் கோடு கீறினால் அதுதான் வேலி. ஆடு கோட்டை நெருங்கினால் பட்டி கீச்சுக் குரலில் பாடும். தாண்டினால் சுரீரென்று ஒரு ஷாக்!

ஆடுகள் அடங்கின. மனிதர்கள் அடங்கவில்லை.

எட்டு மாதமாக அவள் நிலத்தின் வழியே, விளக்கை அணைத்துக்கொண்டு வான்கள் வந்து போயின. பேப்பர் இல்லாத ஆட்களை சுவீடனிலிருந்து ஏற்றி வருகிறார்கள் என்று எல்லைப்பக்கப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் புகார் கொடுத்தார்கள். பொலிசுக்குப் போன் அடித்து அவளுக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு மாலை ஓட்வாரும் அவளும் போனில் பேசி முடிவெடுத்தார்கள். காட்டுப்பாதைக் கேட்டுக்குச் சங்கிலி... புதுப் பூட்டு.

விடிந்தபோது ஓட்வார் பிணம்!

நல்ல மனிதர். அவருக்காக மூன்று நாள் அழுதாள். அடித்தவனை விடமாட்டேன் என்று அவருடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னாள்.

இப்போது பதினேழு... எங்கே?

வரைபடத்தைத் தொட்டாள். நீலப் புள்ளி துடித்தது.

ஹவுகெட்டோ... அவளுடைய கட்டடம்... கீழே கார் நிறுத்துமிடம்!

அங்கே நிற்பது, எதிரே உட்கார்ந்து சாப்பிடும் குலேந்திரனின் வான்.

"ஆரக்கா மெசேஜ்?"

குலேந்திரன் ட்வெய்ட்டாவில் கேட்டரிங் நடத்துகிறவன். வார இறுதிகளில் ஆடுகளைப் பார்க்க உதவிக்கு வருகிறவன். காட்டுப்பாதைக் கேட்டின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கிறது. இன்று ஒரு சட்டி கறியோடு ஆறுதல் சொல்ல வந்திருந்தான்.

"மகள். ட்ரெயின் லேட்டாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டி வெயிலில்தான் சார்ஜ் ஆகும். இருட்டில் கிடந்தால் செத்துப்போகும். ஒன்பது நாளாக எங்கோ இருட்டில் கிடந்திருக்கிறது. இன்று கறிச்சட்டிக்கு இடம் விட எதையோ நகர்த்தியிருக்கிறான்... வான் கண்ணாடி வழியே வெயில் பட்டிருக்கிறது.

அப்படியானால் இந்தக் கறி?

வாயிலிருந்த கவளத்தை விழுங்கினாள்.

"நல்ல பதம். ஆடு எங்கை எடுத்தனி?"

"உங்கை ஒரு கடையிலை."

"இளங்கிடாய் போலக் கிடக்கு."

"உங்களுக்குச் சொல்லித் தரவேணுமே," என்று சிரித்தான்.

மேசைக்குக் கீழே இடது பெருவிரல் ஓடியது. லீசாவுக்கு ஒரு மெசேஜ். ஒஸ்லோவின் ரொம்சோஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொலிஸ்காரி. ஓட்வாரின் வழக்கு அவள் கையில்தான்.

'17 என் வீட்டுக்குக் கீழே. குலேந்திரனின் வானில். உடனே வா.'

'பதினைந்து நிமிடம். அவரைப் போக விடாதீர்கள்.'

பதினைந்து நிமிடம்! அவன் தட்டோ காலியாகிக்கொண்டிருந்தது.

"இன்னொரு கரண்டி போடு," என்று தன் தட்டை நீட்டினாள். தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாயை மென்று மென்று நேரத்தைக் கடத்தினாள்.

"அக்கா... கேற்றுக்குச் சங்கிலி போடப் போறியளாம்?"

"ஆர் சொன்னது?"

"ஓட்வார்தான்."

அவள் கை நின்றது. சங்கிலிப் பேச்சு நடந்ததே ஓட்வாரின் கடைசி மாலையில். விடிவதற்குள் ஓட்வாரோடு பேசியவன்...

"எப்ப சொன்னவர்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கண்கள் அவள் முகத்தில் குத்திட்டு நின்றன.

"முந்தி... ஒருக்கா."

தட்டை ஒதுக்கிவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"நீங்கள் காட்டுப்பக்கம் தனியத்தானே போறனீங்கள், அக்கா?" குரல் தணிந்திருந்தது. "சங்கிலி வேண்டாம். அந்த மனுசனுக்கும் இதைத்தான் சொன்னனான். கேக்கேல்லை."

அடுத்தது அவள்தான்!

"சரி... சங்கிலி போடமாட்டன். இன்னொரு கரண்டி போடு."

மூன்றாவது தடவை. சட்டி காலி.

அவன் கை கழுவினான். இன்னும் ஆறு நிமிடம்!

"தேத்தண்ணி ஊத்திறன், குடிச்சிட்டுப் போவன்."

"வேண்டாம்." வாசலில் திரும்பினான். "போனிலை அப்பிடி என்ன செய்யிறியள்?"

"ஆட்டுக்கு வேலி கீறுறன்."

பொய்யில்லை. கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக் கோடு கீறி முடித்திருந்தாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.

செல்வமலர் பால்கனிக்கு ஓடினாள். வான் உறுமியது... பின்னால் வந்தது... வெளிவாசலை நோக்கி உருண்டது. லீசாவைக் காணோம்! கண் முன்னாலேயே தப்பப் போகிறான்.

வான் கோட்டைத் தொட்டது.

கீ... கீஈ... கீஈஈஈஈ!

வானுக்குள்ளிருந்து பதினேழு பாட ஆரம்பித்தது!

பிரேக் கிறீச்சிட்டது. குலேந்திரன் குதித்திறங்கி, பின்கதவைத் திறந்து, சாக்குகளை இழுத்து எறிந்து, பாடும் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து...

"ஐயோ!"

சுரீர்! கோட்டைத் தாண்டிய ஆட்டுக்குக் கிடைப்பது அவனுக்கும் கிடைத்தது. ஜன்னல்கள் திறந்தன. கட்டடம் முழுக்க எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து லீசாவின் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கையில் பாடும் பட்டி... அதில் கொட்டை எழுத்தில் '17'. மறைக்க அவனுக்கு இடமேயில்லை.

அரை மணி நேரம் கழித்து லீசா மேலே வந்தாள்.

"எல்லாம் சொல்லிப்போட்டார், அன்ரி. ஆக்களை ஏத்திக்கொண்டு வரேக்கை ஓட்வார் மறிச்சவராம். சங்கிலி வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கேல்லையாம், வானாலை அடிச்சுப்போட்டார். பக்கத்திலை நிண்ட கிடாயும் அடிபட்டிட்டுது. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. கொலையைச் செய்துபோட்டு, ஆட்டை ஏன் ஏத்தினவர்?"

"வேறை ஆரெண்டாலும் விட்டிட்டு ஓடியிருப்பாங்கள், பிள்ளை. எங்கட ஆளுக்கு நல்ல கிடாய் றோட்டிலை வீணாப்போறதைப் பாத்துக்கொண்டு வர மனம் வராது."

"அந்தப் பட்டியும் புதுசு மாதிரி இருந்தது எண்டுதான் எறியேல்லையாம்," என்ற லீசா கையுறையை மாட்டினாள். "கறியும் சாட்சிதான், அன்ரி. எங்கை சட்டி?"

செல்வமலர் காலிச் சட்டியைப் பார்த்தாள். தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"உனக்காகத்தான் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான், பிள்ளை. உன்ரை சாட்சியை எக்ஸ்ரே எடுத்துத்தான் பாக்கவேணும்."