எந்த இழுப்பு?

காலை பதினொன்று நாற்பது. சரண்யாவின் கைப்பையில் இருந்த இன்ஹேலரைக் காணவில்லை. அடுத்த நிமிடமே அவள் மகள் காவ்யாவுக்கு அது தேவைப்பட்டது.

"ஐயோ, புள்ளைக்கு இழுப்பு வந்துருச்சே!"

சரண்யாவின் அலறலில் வல்லத்திராக்கோட்டைக் கல்யாண மண்டபம் அதிர்ந்தது. நடந்துகொண்டிருந்தது 'நோயற்ற குடும்பம்' விருது விழா. விருது காவ்யாவின் குடும்பத்துக்குத்தான். வழங்கவிருந்தவர் மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் பிராங்க்ளின். அழைப்பிதழில் அவரே அச்சடித்துக்கொண்டபடி, 'ஆரோக்கியச் செம்மல்'.

மேடையில் இருந்த மூவரும் பாய்ந்தார்கள். முன்னாள் ஊராட்சித் தலைவர் சோலையப்பன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக் குழந்தையின் உள்ளங்கையில் திணித்தார். போட்டோகிராபர் வசந்த் கேமரா ஸ்டாண்டையே தூக்கிவந்தான். பிராங்க்ளின் ஊதுபத்திகளைத் தண்ணீர் டம்ளரில் அமுக்கிவிட்டு, ஒற்றைக் கையால் ஜன்னலைத் திறந்தார். மறு கை மார்பில் கிடந்த பொன்னாடையை விடவேயில்லை.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. ஷீபா 108-க்குச் சொல்லிவிட்டார். ஆனால் ஆம்புலன்ஸ் புதுக்கோட்டையிலிருந்து வரவேண்டும். குழந்தையின் நெஞ்சு விசிலடித்தது.

"பை எங்க இருந்துச்சு?"

"மேடைல, நாற்காலிக்குக் கீழ," என்றாள் சரண்யா.

ஷீபா மூவரிடமும் திரும்பினார். "பாப்பாவுக்கு என்னன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும்?"

"தெரியாதும்மா," என்றார் சோலையப்பன்.

"சத்தியமா தெரியாது மேடம்," என்றான் வசந்த்.

பிராங்க்ளின் மைக் இல்லாமலே மேடைப்பேச்சைத் தொடங்கினார். "நோயே இல்லாத குழந்தைக்கு என்ன நோயின்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பாலிசியிலயே 'நோய் இல்லை'ன்னு என் கையால எழுதியிருக்கேன்!"

ஷீபா சாவிக்கொத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

"சார், பொன்னாடையைக் கழட்டுங்க."

"இது வெறும் துணியில்ல மேடம், கௌரவம்..."

ஷீபா இழுத்து உதறினார். கௌரவத்துக்குள்ளிருந்து நீல நிற இன்ஹேலர் விழுந்தது.

சரண்யா அதைக் குலுக்கி மகள் வாயில் வைத்து அழுத்தினாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. விசில் மெல்ல இறங்கியது.

"இழுப்புன்னா நம்ம பக்கம் ரெண்டு," என்றார் ஷீபா. "மூச்சும் இழுக்கும், கை காலும் இழுக்கும். இவங்க ரெண்டு பேரும் கை கால் இழுப்புன்னு நெனச்சு இரும்பைத் தூக்கிட்டு ஓடியாந்தாங்க. நீங்க மட்டும் புகையை அணைச்சீங்க. ஒண்ணுமே தெரியாதவருக்குப் புகை ஆகாதுன்னு யாரு சொன்னா?"

பிராங்க்ளின் சரிந்து உட்கார்ந்தார். "அவங்க வீட்டுக்காரரு துபாயிலேர்ந்து போன்ல சொன்னாருங்க. ஆஸ்துமான்னு எழுதுனா பாலிசி இழுத்தடிக்கும், அதான் விட்டுட்டேன். இன்னிக்கு மேனேஜர் வர்றாரு. போட்டோவுல புள்ள அதை உறிஞ்சிக்கிட்டு நின்னா என் கதி?"

"நாளைக்கு இவள ஆஸ்பத்திரில சேர்த்தா, நோயை மறைச்சிட்டேன்னு கம்பெனி எனக்கில்ல கைய விரிக்கும்!" சீறினாள் சரண்யா.

"மேனேஜர் வரட்டும்," என்றார் ஷீபா. "மைக்லயே சொல்லி, ஒங்க கையாலயே திருத்தி எழுதுங்க."

வெளியே கார் ஹாரன் கேட்டது, பின்னாலேயே ஆம்புலன்ஸ். ஆரோக்கியச் செம்மலுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

காவ்யா இன்ஹேலரை அவரிடம் நீட்டினாள்.

"அங்கிள், ஒங்களுக்கு எந்த இழுப்பு?"